நூலேணியில் ஏறிய மொழிபெயர்ப்பாளர்

(மே தினத்தையொட்டி ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய படிப்பு வட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



மே தினம் என்றால் சிக்காகோவிலிருந்து தொடங்குவது நம் வழக்கம். 1886-ல் அங்கே சிந்திய ரத்தத்தை நாம் மறக்க முடியாது. ஆனால் அந்த வரலாற்றை இங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் எங்களைவிட நன்றாகச் சொல்வீர்கள். ஆகவே இன்று வேறொரு மே தினத்தைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறோம்.

1945 மே 1. பெர்லின் நகரம் எரிந்துகொண்டிருந்தது. முதல் நாள் பிற்பகலில் ஹிட்லர் தன் பாதாள அறைக்குள் தற்கொலை செய்துகொண்டு செத்துப்போனான். தெருவில் சண்டை போட்டுக்கொண்டிருந்த சிப்பாய்களில் பெரும்பாலோருக்கு அது தெரியாது. ஒவ்வொரு வீட்டுக்கும், ஒவ்வொரு மாடிப்படிக்கும் உயிர் போய்க்கொண்டிருந்தது. ஏப்ரல் 16-ல் தொடங்கிய அந்தப் பெர்லின் போரில் மட்டும் செஞ்சேனை ஏறத்தாழ 80 ஆயிரம் வீரர்களைப் பறிகொடுத்தது. வெற்றி கண்ணுக்கு எதிரே தெரிகிறது. ஊருக்குத் திரும்பலாம், பெண்டு பிள்ளைகளைப் பார்க்கலாம் என்று நினைக்கிற அந்தக் கடைசி வாரத்தில் செத்தவர்கள் அவர்கள்.

அந்த மே 1-ந் தேதி, பெர்லினின் மேற்கு ஓரத்திலே ஸ்பாண்டாவ் என்ற பகுதியில், சோவியத் ராணுவ உடுப்புப் போட்ட இரண்டு பேர் ஒரு பழைய கோட்டையை நோக்கி வெள்ளைக் கொடியுடன் போனார்கள். ஒருவர் மேஜர் வசீலி கிரிஷின். மற்றவர் காப்டன் விளாதிமிர் கால். நாம் பேசப் போவது இந்தக் காலைப் பற்றித்தான். 1919-ல் பிறந்தவர். அவர் செய்த வேலை மொழிபெயர்ப்பு.

மொழிபெயர்ப்பாளன் யுத்தத்திலே என்ன கிழித்துவிடப் போகிறான் என்று யாருக்கேனும் தோன்றலாம். அதில் தவறில்லை. நம் ஊரில் "துபாஷி" என்ற சொல்லுக்கே ஒரு வாடை உண்டு. இரண்டு பாஷை தெரிந்தவன் என்பதுதான் அதற்குப் பொருள். ஆனால் கும்பினிக்காரன் காலத்தில் சென்னையிலும் புதுச்சேரியிலும் வெள்ளைக்கார வியாபாரிக்கும் நம் நெசவாளிக்கும் நடுவே நின்று தரகில் கொழுத்தவர்கள் துபாஷிகள். இன்றும் பாஷை தெரிந்தவன் தெரியாதவன் தலையில் மிளகாய் அரைப்பதை நாம் பார்க்காமலா இருக்கிறோம்? இங்கிலீஷில் அடித்த காகிதத்தில் கைநாட்டு வைத்துவிட்டுப் பிறகு கோர்ட்டுப் படியேறிய தோழர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள். ஆகவே இரண்டு பாஷை தெரிந்தவன் யார் பக்கம் நிற்கிறான் என்பது சின்ன விஷயம் அல்ல.

ஜெர்மன் படித்த ருஷ்ய மாணவர்கள்

கால் மாஸ்கோவில் தத்துவம், இலக்கியம், சரித்திரம் ஆகியவற்றுக்கென்று இருந்த உயர்கல்வி நிலையத்தில் ஜெர்மன் பாஷையும் இலக்கியமும் படித்தவர். 1941-ல் படிப்பு முடிந்தது. அந்த ஜூன் 22-ல் ஹிட்லரின் படைகள் சோவியத் யூனியனுக்குள் பாய்ந்தன.

அந்த நாளில் ருஷ்யப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் படித்த அயல் பாஷைகளில் முதலிடம் ஜெர்மனுக்குத்தான். மார்க்சும் எங்கெல்சும் எழுதிய பாஷை. கதேயும் ஹைனேயும் பாடிய பாஷை. ஒரு பாஷையை ஆசை ஆசையாகப் படித்து முடிக்கிற வேளையில், அந்தப் பாஷையில் உத்தரவு போட்டுக்கொண்டு ஒருவன் உன் ஊரைக் கொளுத்த வருகிறான் என்றால் மனம் என்ன பாடுபடும்! அந்தப் பாஷையையே வெறுத்தவர்களும் இருந்தார்கள். இந்த மாணவர்கள் வேறு வழி எடுத்தார்கள். தாங்கள் படித்ததை எடுத்துக்கொண்டு சேனையில் சேர்ந்தார்கள்.

அவர்கள் செய்த வேலையைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ருஷ்யச் சிப்பாய்களின் பேச்சு வழக்கில், விசாரிப்பதற்காக உயிரோடு பிடித்துவரும் எதிரிச் சிப்பாய்க்கு "நாக்கு" என்று பெயர். அவர்கள் பாஷையில் நாக்குக்கும் மொழிக்கும் ஒரே சொல். உளவுப்படைத் தோழர்கள் இரவில் பனியிலும் சேற்றிலும் ஊர்ந்துபோய், முள்கம்பியை வெட்டி, காவலாளியை அமுக்கி ஒரு "நாக்கை"க் கொண்டுவருவார்கள். போனவர்களில் பலர் திரும்பமாட்டார்கள். அப்படி உயிரைக் கொடுத்துக் கொண்டுவந்த நாக்கு, பாஷை தெரிந்த ஒருவன் பக்கத்தில் இல்லாவிட்டால் வெறும் சதைதான். பீரங்கி எங்கே, எத்தனை டாங்கி, எப்போது தாக்குதல் என்பதையெல்லாம் அவன் வாயிலிருந்து வாங்கவேண்டும். பொய் சொல்கிறானா, பயத்தில் உளறுகிறானா, உண்மையிலேயே தெரியாதவனா என்று கண்டுபிடிக்கவேண்டும். தவறாகப் புரிந்துகொண்டால் ஒரு பட்டாலியனே சாகும்.

செத்த ஜெர்மன் சிப்பாய்களின் பைகளில் இருந்த கடிதங்களும் டைரிகளும் அவர்கள் மேஜைக்குத்தான் வரும். எலேனா ர்ஷெவ்ஸ்கயா என்ற பெண் தோழர், காலைப் போலவே 1919-ல் பிறந்து அதே கல்வி நிலையத்தில் படித்தவர். ர்ஷேவ் நகரப் போர்முனையில் 1942 முதல் இந்த வேலையைச் செய்தார். பின்னாளில் அந்த ஊரின் பெயரையே தம் புனைபெயராக வைத்துக்கொண்டார். வீட்டுக்கு எழுதி அனுப்பாமலே செத்தவனின் கடிதத்தைப் படித்து, அதில் மனைவி மக்களைப் பற்றி எழுதியதைத் தள்ளிவிட்டு, ரெஜிமெண்டு எண்ணை மட்டும் எடுத்துக் குறிக்கவேண்டும். இந்த அம்மையார்தான் 1945 மே மாதம் ஹிட்லரின் பல் தாடை இருந்த சிறு பெட்டியைக் கையில் சுமந்துகொண்டு, அந்தப் பற்களை அடையாளம் காட்டக்கூடிய ஆட்களைத் தேடிப் பெர்லின் முழுவதும் அலைந்த குழுவில் இருந்தவர். மாஸ்கோவில் வெற்றி விழாவுக்கு எல்லோரும் தயாராகிக்கொண்டிருந்தபோது அந்தப் பெட்டி அவர் மடியில் இருந்தது. 1965-ல் அதைப் புத்தகமாக எழுதினார். 2017-ல் காலமானார். அவர் கதையைத் தனியாக ஒருநாள் பேசவேண்டும்.

கால் இருந்தது 47-வது ராணுவத்தின் அரசியல் பிரிவில். எதிரிச் சிப்பாய்களிடையே பிரசாரம் செய்வது அந்தப் பிரிவின் கடமை. துண்டுப் பிரசுரம் எழுதுவார்கள். அதையே கையில் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்தால் சுடமாட்டார்கள் என்பதற்கு அத்தாட்சிச் சீட்டாகவும் அது இருக்கும். ஒலிபெருக்கி வண்டியை முன்வரிசை வரை கொண்டுபோய் ஜெர்மன் பாஷையில் பேசுவார்கள். ஒலிபெருக்கியின் வாயைத் திறந்தவுடனே எதிரியின் மோர்ட்டார் குண்டு அந்தத் திசையில் வந்து விழும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

அதே பிரிவில் கோன்ராட் வோல்ஃப் என்று ஒரு பையன். ஜெர்மானியன். அவன் தந்தை ஃப்ரீட்ரிஷ் வோல்ஃப் டாக்டர், நாடகாசிரியர், கம்யூனிஸ்ட், யூதர். ஹிட்லர் 1933-ல் பதவிக்கு வந்ததும் குடும்பம் நாட்டைவிட்டு ஓடி மாஸ்கோவில் தஞ்சம் புகுந்தது. பையன் 17 வயதில் செஞ்சேனையில் சேர்ந்தான். 19 வயதில், பெர்லினுக்குப் பக்கத்தில் பெர்னாவ் என்ற ஊர் பிடிபட்டதும், சில நாட்கள் அந்த ஊருக்கே சோவியத் கமாண்டராக வைத்தார்கள். காலுக்கும் இவனுக்கும் அங்கே ஏற்பட்ட நட்பு வாழ்நாள் நட்பு.

கோட்டை

ஸ்பாண்டாவ் கோட்டை 16-ம் நூற்றாண்டில் இத்தாலிய முறைப்படி கட்டியது. ஹாவெல் ஆறும் ஸ்ப்ரே ஆறும் கூடுகிற இடத்தில், சுற்றிலும் தண்ணீர், நான்கு மூலையிலும் அம்புமுனை போல நீட்டிக்கொண்டிருக்கும் கொத்தளங்கள். 1871-ல் பிரான்சைத் தோற்கடித்து வாங்கிய அபராதத் தொகையில் 12 கோடி தங்க மார்க்கை அந்தக் கோட்டையின் கோபுரத்தில்தான் அடுத்த யுத்தத்துக்காகப் பூட்டி வைத்திருந்தார்கள். (பின்னாளில் நாஜித் தலைவர்களை அடைத்து வைத்த ஸ்பாண்டாவ் சிறைச்சாலை வேறு, இது வேறு. இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ளவேண்டாம்.)

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஸ்பாண்டாவ் ஆயுதத் தொழிற்சாலைகள் நிறைந்த ஊர். போட்ஸ்டாமும் ஸ்பாண்டாவும் சேர்ந்த தொகுதி சக்கரவர்த்தி கெய்சரின் சொந்தத் தொகுதி என்று பேர்பெற்றது. அந்தத் தொகுதியில்தான் 1912-ல் கார்ல் லீப்னெக்ட் ஜெயித்தார். 1914 டிசம்பரில் பார்லிமெண்டில் யுத்தச் செலவுக்கு எதிராகத் தன்னந்தனியாகக் கை தூக்கிய அதே லீப்னெக்ட். 1916 மே தினத்தன்று பெர்லின் நடுத்தெருவில் யுத்தம் ஒழிக என்று முழங்கிக் கைதானவரும் அவரே. அதற்கு 29 வருஷம் கழித்து இன்னொரு மே தினத்தில் அந்த ஊர்க் கோட்டை வாசலில் வெள்ளைக் கொடியோடு இரண்டு கம்யூனிஸ்ட் சேனையின் அதிகாரிகள் போய் நிற்கிறார்கள்.

கோட்டைச் சுவர் தடிமன். தாக்கிப் பிடிப்பதென்றால் நூற்றுக்கணக்கில் சாவு. உள்ளே சிப்பாய்கள் மட்டுமல்ல, குண்டுவீச்சுக்குப் பயந்து ஒதுங்கிய ஊர் ஜனங்களும் பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். பேசிப் பார்க்கலாம் என்று முடிவாயிற்று.

பேசப் போகிறவர்களுக்கு அது விளையாட்டல்ல. நான்கு மாதத்துக்கு முன், 1944 டிசம்பர் 29-ல், புடாபெஸ்ட் நகரில் சரணடையச் சொல்லி வெள்ளைக் கொடியுடன் அனுப்பப்பட்ட இரண்டு காப்டன்கள், மிக்லோஷ் ஸ்டைன்மெட்ஸும் இல்யா ஒஸ்தபெங்கோவும், ஒரே நாளில் உயிரிழந்திருந்தார்கள். செஞ்சேனையில் அதை அறியாதவர் இல்லை. காலுக்கு அதற்கு மேலும் ஒரு ஆபத்து. செஞ்சேனையின் அரசியல் அதிகாரிகள் பிடிபட்டால் சுட்டுத் தள்ளவேண்டும் என்று ஹிட்லரின் ராணுவத் தலைமை 1941 ஜூன் மாதமே உத்தரவு போட்டிருந்தது. கால் அரசியல் பிரிவு அதிகாரி. அத்துடன் அவர் யூதர்.

வாசற்கதவை உள்ளேயிருந்து தடுப்பு வைத்து அடைத்திருந்தார்கள். வாசலுக்கு மேலே ஒரு பால்கனி. அங்கிருந்து நூலேணியைத் தொங்கவிட்டு, கோட்டைத் தளபதி கர்னல் யுங்கும் அவருக்கு அடுத்தவரான லெப்டினண்ட் கர்னல் கோஹும் இறங்கி வந்தார்கள். கிரிஷின் பேசினார், கால் ஜெர்மனில் சொன்னார். அவர்கள் பேசியதை ருஷ்யத்தில் சொன்னார்.

தளபதியின் பதில் விசித்திரமாக இருந்தது. தமக்குச் சரணடைய மனம் இருந்தாலும் முடியாது என்றார். ஒரு கோட்டையை ஒப்படைக்கப் போகிற அதிகாரியை மற்ற அதிகாரிகள் எவரும் சுட்டுக் கொல்லலாம் என்பது ஹிட்லரின் உத்தரவு. ஒவ்வொருவனும் மற்றவனுக்குப் பயந்து சண்டை போட்டுக்கொண்டிருக்கவேண்டும். அப்படி ஒரு ஏற்பாடு! நம் முதலாளி போனஸ் பேச்சுவார்த்தையில் "எனக்குக் கொடுக்க ஆசைதான், போர்டு ஒத்துக்கொள்ளமாட்டேன் என்கிறதே" என்று கையை விரிப்பாரே, அது ஞாபகம் வருகிறது. ஒரு வித்தியாசம், இங்கே போர்டு துப்பாக்கி வைத்திருந்தது.

தொழிற்சங்கத்தில் பழக்கப்பட்ட நமக்கு அந்த இடத்தில் என்ன செய்யவேண்டும் என்று தெரியும். போர்டையே நேரில் பார்க்கவேண்டும் என்போம். இரண்டு சோவியத் அதிகாரிகளும் அதையே சொன்னார்கள். நாங்களே உள்ளே வருகிறோம், உங்கள் அதிகாரிகளோடு நேரே பேசுகிறோம் என்றார்கள். யுங்கும் கோஹும் மறுபடி ஏணியேறி உள்ளே போய்க் கேட்டார்கள். சில நிமிஷத்தில் மேலிருந்து பதில் வந்தது: ஏறி வரலாம்.

காற்றில் ஆடும் அந்த நூலேணியைச் சற்று நினைத்துப் பாருங்கள். ஏறுகிறவனுக்கு இரண்டு கையும் கயிற்றில். முதுகு வெளியே. மேலே எத்தனை துப்பாக்கி காத்திருக்கிறது என்று தெரியாது. இரண்டு பேரும் ஏறினார்கள்.

உள்ளே அதிகாரிகள் கூட்டம். செஞ்சேனை சரணடைவோருக்கு வழக்கமாகக் கொடுத்த உறுதிமொழியைச் சொல்லவேண்டும். உயிருக்குப் பயமில்லை, காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை உண்டு. மறுத்தால் என்ன நேரும் என்பதையும் சொல்லவேண்டும். கிரிஷினின் அதிகாரம் ருஷ்ய பாஷையில் இருந்தது; அந்த அறையில் அது காலின் ஜெர்மன் வழியாகத்தான் ஒவ்வொருவன் காதிலும் விழும். ஒரு சொல் கெஞ்சலாக ஒலித்தால் நம்பமாட்டார்கள். ஒரு சொல் திமிராக ஒலித்தால் எவனாவது ஒரு வெறியன் துப்பாக்கியை எடுப்பான். அவர்கள் பல வருஷமாக ருஷ்யன் என்றால் காட்டுமிராண்டி என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள். அப்படிப்பட்டவர்கள் முன்னால் ஒரு ருஷ்ய காப்டன் சுத்தமான ஜெர்மனில் பேசுகிறார்.

இதில் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். செஞ்சேனையின் உறுதிமொழியை அந்தக் கோட்டைக்குள் இருந்த பெண்கள் நம்பத் தயங்கியிருந்தால் அதற்குக் காரணம் கோயபல்ஸின் பொய்ப் பிரசாரம் மட்டுமல்ல. அந்த மாதங்களில் சோவியத் சிப்பாய்களில் பலர் ஜெர்மன் பெண்களுக்குக் கொடுமை செய்தார்கள். தம் நாட்டில் 2 கோடியே 70 லட்சம் பேரைப் பறிகொடுத்த ஜனங்களின் சேனை அது, கிராமம் கிராமமாகச் சாம்பலைக் கடந்து வந்த சேனை என்பது உண்மை. அதனால் அந்தச் செயல் நியாயமாகிவிடாது. ஹிட்லர்கள் வருவார்கள் போவார்கள், ஜெர்மன் ஜனங்கள் இருப்பார்கள் என்ற கருத்து 1942 பிப்ரவரியிலேயே செஞ்சேனைக்கு உத்தரவாக வந்திருந்தது. உத்தரவை எல்லோரும் மனத்தில் வாங்கவில்லை. கால் போன்றவர்கள் வாங்கியிருந்தார்கள்.

பேசி முடித்து, பிற்பகல் 3 மணி வரை கெடு கொடுத்துவிட்டு இருவரும் அதே ஏணியில் இறங்கினார்கள். பிறகு காத்திருப்பு. வேலைநிறுத்த நோட்டீஸ் கொடுத்துவிட்டுக் கெடு முடியும் வரை ஆலை வாசலில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்த மணிகளின் நீளம் தெரியும். 3 மணி தாண்டியதும் கோட்டை சரணடைந்தது. சிப்பாய்கள் வெளியே வந்தார்கள். பெண்களும் குழந்தைகளும் வந்தார்கள். ஒரு குண்டு வெடிக்கவில்லை.

கர்னல் யார்?

யுங்கும் கோஹும் வெறும் பட்டாளத்துக்காரர்கள் அல்லர், விஞ்ஞானிகள் என்பது காலுக்கும் கிரிஷினுக்கும் அப்போது தெரியாது. 1935 முதல் அந்தக் கோட்டைக்குள் இயங்கியது ஜெர்மன் ராணுவத்தின் நச்சுவாயு ஆராய்ச்சிக்கூடம். "தபூன்", "சாரின்" என்ற நரம்பு நஞ்சுகளின் ஆராய்ச்சி நடந்த இடம் அது. அந்தச் சுவர்களைப் பீரங்கியால் தகர்த்திருந்தால் உள்ளே இருந்தவர்களும் வெளியே இருந்தவர்களும் என்ன ஆகியிருப்பார்கள்!

இந்தத் தபூனைக் கண்டுபிடித்தவர் கெர்ஹார்ட் ஷ்ராடர். ஐ.ஜி. ஃபார்பென் என்ற மாபெரும் ரசாயனக் கம்பெனியின் ஊழியர். 1936-ல் பயிர்ப் பூச்சிக்கு மருந்து தேடப்போய் மனிதனைக் கொல்லும் நஞ்சைக் கண்டார். கம்பெனி அதை ராணுவத்திடம் கொடுத்தது. சைலீஷியாவில் டைஹெர்ன்ஃபுர்ட் என்ற இடத்தில் தொழிற்சாலை வைத்து ஏறக்குறைய 12 ஆயிரம் டன் தயாரித்தார்கள்; அங்கே கைதிகளைக்கொண்டும் வேலை வாங்கினார்கள். அதே கம்பெனி ஆஷ்விட்ஸில் செயற்கை ரப்பர் ஆலை கட்ட வதைமுகாம் கைதிகளைக் கூலியில்லாமல் வேலை வாங்கிக் கொன்றது. யுத்தம் முடிந்து நியூரம்பர்க்கில் கம்பெனி டைரக்டர்களை விசாரித்தார்கள். 1948-ல் வந்த தீர்ப்பில் 13 பேர் குற்றவாளிகள். அதிகபட்சத் தண்டனை 8 வருஷம். 7 வருஷம் தண்டனை பெற்ற ஃப்ரிட்ஸ் டெர் மீர் முன்கூட்டியே விடுதலையாகி, 1956-ல் பாயர் கம்பெனியின் மேற்பார்வைக் குழுத் தலைவராக நாற்காலியில் உட்கார்ந்தார். ரொட்டி திருடியவனுக்கு இந்தச் சலுகை எந்த நாட்டில் உண்டு?

விவசாயத் தொழிலாளர் தோழர்களுக்கு ஒரு செய்தி. ஒரு காலத்தில் நம் வயல்களில் "பாலிடால்" என்று ஒரு மருந்து தெளித்தோமே, மூடியைத் திறந்தாலே தலை சுற்றுமே, கடன்பட்டவன் வீட்டில் அதை ஒளித்து வைக்கவேண்டியிருந்ததே, அந்தப் பாராதியான் மருந்தும் இதே ஷ்ராடர் யுத்த காலத்தில் கண்டதுதான். தபூனும் அதுவும் ஒரே குடும்பம். நரம்பைப் பிடிக்கும், வாயில் நுரை தள்ளும், மூச்சு அடைக்கும். முகமூடியும் கையுறையும் கேட்டுப் போராடுகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள். கேட்பது சலுகை அல்ல.

பிறகு காலுக்கு என்ன ஆயிற்று? யுத்தம் முடிந்ததும் ஹாலே என்ற ஜெர்மன் நகரில் சோவியத் நிர்வாகத்தின் கலாசார அதிகாரியாக வேலை பார்த்தார். பிறகு மாஸ்கோ திரும்பி ஜெர்மன் பாஷை சொல்லிக்கொடுக்கும் வாத்தியார் ஆனார். கோன்ராட் வோல்ஃப் கிழக்கு ஜெர்மனியில் பெரிய சினிமா டைரக்டர் ஆகி, தன் யுத்த நாட்களை "எனக்கு வயது பத்தொன்பது" என்ற படமாக 1968-ல் எடுத்தார். ஸ்பாண்டாவ் கோட்டையும் நூலேணியும் அதில் வருகின்றன. படத்தில் வரும் சோவியத் அதிகாரி ஒரு ஜெர்மன் பாஷை வாத்தியார். வோல்ஃப் 1982-ல் இறந்தார். அவர் படமெடுத்த நாடு 1990-ல் இல்லாமல் போயிற்று. சோவியத் யூனியனும் 1991-ல் கலைந்தது. கால் இவையெல்லாவற்றையும் பார்த்துவிட்டு, தம் அனுபவங்களை ஜெர்மன் பாஷையிலேயே புத்தகமாக எழுதிவிட்டு, 2011-ல் காலமானார்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டோம். கோட்டை சரணடைந்து, பிரிகிற நேரத்தில், லெப்டினண்ட் கர்னல் கோஹ் காலிடம் விடைபெற்றார். நல்ல ருஷ்ய பாஷையில். கால் திடுக்கிட்டுப் போனார். உங்களுக்கு ருஷ்யம் தெரியுமா என்று கேட்டார். சிறு வயதில் பீட்டர்ஸ்பர்க்கில் வளர்ந்தேன் என்றார் கோஹ். வாசலில் நின்று பேசியபோதும் உள்ளே போய்ப் பேசியபோதும், கிரிஷினும் காலும் யாருக்கும் புரியாது என்று நினைத்துத் தங்களுக்குள் ருஷ்யத்தில் பேசிக்கொண்டதையெல்லாம் அந்த மனிதர் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டே நின்றிருக்கிறார்.